காரணமே இல்லாமல் பட்டுக் கட்டலாமா? அதுவும் இந்தத் தில்லிக் குளிரில்

மயூர்விஹார் மருமகள் | ஞாயிறு, இரவு 9:40

கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தில்லிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. பீரோவில் பதினாலு பட்டுப்புடவை. இங்கே வந்தபிறகு கட்டியது மூன்று. இரண்டு, இவர் ஆபீஸ் நண்பர் கல்யாணத்துக்கு. ஒன்று, மலை மந்திர் கந்த சஷ்டிக்கு. மற்றதெல்லாம் 'நல்ல விசேஷம் வரட்டும்' என்று உட்கார்ந்திருக்கிறது. விசேஷமெல்லாம் ஊரில் நடக்கிறது, நாம் வாட்ஸப்பில் பார்க்கிறோம்.

நேற்று ஒரு மயில்கழுத்துப் புடவையை எடுத்துப் பிரித்தேன். அம்மா ஆசை ஆசையாய் எடுத்துக் கொடுத்தது. அலமாரி மடிப்பு இருந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி இழை விட்டிருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது. ஒரு நாள்கூட வெளிச்சம் பார்க்காத புடவை!

மனசு கேட்காமல், "இதைக் கட்டிக்கறேன், எங்கேயாவது போகலாம்" என்றேன். "எங்கே? என்ன விசேஷம்?" என்றார் இவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

நீங்கள் யாராவது விசேஷம் இல்லாமல் உடுத்திக்கொண்டு கிளம்புவதுண்டா? எங்கே போவீர்கள்? ஆறு டிகிரியில் பட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் கண்ணாடியில் ஒரு மூட்டைதான் தெரிகிறது. பூவுக்கு என்ன செய்கிறீர்கள்? ஒரு நாளில் போய்வரும் இடமாக இருந்தால் நல்லது. திங்கள் காலை ஒன்பதுக்கு இரண்டு பேருக்கும் மீட்டிங்.

நொய்டா நாத்தனார் | ஞாயிறு, இரவு 10:05

முதல் கேள்விக்குப் பதில்: கட்டலாம். அடுத்த கேள்விக்குப் போவோம்.

ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் போடுவதால்தான் மூட்டை. உள்ளே போடணும். கழுத்து இறங்கிய தெர்மல் கிடைக்கும், அதற்கு மேல் பிளவுஸ். இதற்காகவே இரண்டு பிளவுஸ் அரை இஞ்ச் லூசாக, முழுக்கை வைத்துத் தைத்து வைத்திருக்கிறேன். ஒன்று கறுப்பு வெல்வெட், ஒன்று மெரூன். பதினாலு புடவையில் பத்துக்காவது இந்த இரண்டும் பொருந்தும். லாஜ்பத் நகரில் ஃபால்-பீகோ அடிக்கிற கடைகளைக் கேட்டால் டெய்லரையும் காட்டுவார்கள். பாவாடைக்குப் பதில் கம்பளி லெக்கிங்ஸ், அதன்மேல் மெல்லிய பாவாடை. கொசுவம் நிற்க ஒரு பிடிமானம் வேண்டுமே.

மேலே சால்வை ஒன்று போதும். ஆனால் அக்ரிலிக் வேண்டாம். தில்லிக் குளிர் ஈரமில்லாத குளிர். பட்டோடு அக்ரிலிக் உரசினால் கழற்றும்போது பட்பட்டென்று பொறி பறக்கும், முந்தானை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நல்ல கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:31

சந்தோஷத்தைக் கெடுக்க வரவில்லை. ஆனால் கவனித்தீர்களா, 'காரணமில்லாமல் ஒரு புடவை கட்டலாமா' என்று ஆரம்பித்த பேச்சு, இருபத்தைந்து நிமிஷத்தில் இரண்டு பிளவுஸ், ஒரு சால்வை, ஒரு லெக்கிங்ஸ் வாங்குவதில் வந்து நிற்கிறது. சின்னச் சந்தோஷம் என்று ஆரம்பிப்பதெல்லாம் இப்படித்தான் முடிகிறது. வாரா வாரம் 'நமக்கு நாமே ஒரு விருந்து' என்று வெளியே சாப்பிட்டதில் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் போன தொகையைக் கூட்டிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நொய்டா நாத்தனார் | ஞாயிறு, இரவு 10:36

கூட்டிப் பார்த்ததால்தான் தூக்கம் வரவில்லை.

ஆர்.கே.புரம் 1971 | திங்கள், காலை 6:15

குழந்தை, உன் கேள்வியில் அசடு ஒன்றும் இல்லை.

நான் இங்கே வந்தது 1971. டைப் டூ அரசாங்கக் குவார்ட்டர்ஸ், ஒரு ரஜாய் (பஞ்சுப் போர்வை), ஒரு ஸ்டவ். அன்றைக்கு எங்களுக்கு ஊர்ப்பயணம் என்றால் எல்.டி.சி. (LTC), அரசாங்கம் தரும் விடுப்புப் பயணச் சலுகை ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி படுத்து எழுந்து ஊருக்குப் போவோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது 1976-இல்தான். வாரக் கடைசிக்கு ஊர் சுற்றுவது என்ற பேச்சே கிடையாது.

வீட்டில் அவளிடம் இருந்தது இரண்டே பட்டு. அதில் ஒன்று எம்.எஸ். புளூ. 1973-இல் மலை மந்திர் கும்பாபிஷேகம். ஜூன் மாசம்! பாறை கொதிக்கிறது. அந்த வெயிலில் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். "மெல்லிசா வாயில் புடவை கட்டேன், செத்துப்போவாய்" என்றேன். "முருகன் தில்லிக்கு வந்திருக்கார், நான் வாயில்ல போய் நிக்கட்டுமா?" என்றாள்.

இப்போது அவள் இல்லை. அந்தப் புடவை இருக்கிறது. கரை கறுத்துவிட்டது, முந்தானை நைந்துவிட்டது. நீ சொன்ன மாதிரி மடிப்பில் விட்டதில்லை அது, கட்டிக் கட்டி நைந்தது.

பெண் படிக்கிற நாளில் கன்னாட் பிளேஸ் நிரூலாவில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல மார்க் வாங்கின ரிப்போர்ட் கார்டைக் காட்டினால் குழந்தைக்கு ஐஸ்கிரீம் இலவசம். அதற்குப் போவதற்கே இரட்டைப் பின்னல், ரிப்பன், பாவாடை சட்டை. பஸ்ஸில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, இந்தியா கேட் புல்வெளியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். எங்களுக்குச் செலவு பஸ் டிக்கெட்டும் வேர்க்கடலையும். கணக்குப்பிள்ளை ஐயா கவனிக்க.

முனிர்கா மொட்டைமாடி | திங்கள், மதியம் 1:20

தாத்தா பதிவைப் படித்துவிட்டு நூலகத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிர் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆண்பிள்ளைகள் தரப்பில் ஒரு வாக்குமூலம். போன பொங்கலுக்கு நாங்கள் நாலு அறைத்தோழர்கள் பட்டுவேட்டி கட்டினோம். உள்ளே ஆளுக்கொரு சாம்பல் நிறத் தெர்மல். யாருக்கும் தெரியாது என்ற தைரியம். மெட்ரோ பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றதும் அடித்த காற்றில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு பாட்டி மட்டும், "நல்லா இருக்கு பேட்டா, கால் சுடச்சுட இருக்கணும்" என்று இந்தியில் ஆசீர்வாதம் பண்ணினார். வேட்டி கட்டுகிற தம்பிகளுக்கு: தெர்மல் வெள்ளையில் வாங்குங்கள்.

எங்களுக்குப் பட்ஜெட் கம்மி. ஞாயிறு மத்தியானம் மாடியில் 'தூப்', அதாவது வெயில் காய்வதுதான் உல்லாசம். கீழே தள்ளுவண்டியில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளி, மேலே எலுமிச்சை, மசாலா, தமரத்தங்காய் (ஸ்டார் ஃப்ரூட்) துண்டு. இங்கே அதைக் கம்ரக் என்கிறார்கள். அப்புறம் ஒரு பொட்டலம் கஜக். எள்ளுருண்டையைத் தட்டையாக்கி மெருகேற்றின மாதிரி இருக்கும். வெயில் நாலு மணிக்கெல்லாம் போய்விடும். அதற்குள் தின்று, தூங்கி, எழுந்துவிடவேண்டும்.

பிள்ளையார்பாளையம் | திங்கள், மாலை 7:50

காஞ்சிபுரத்தில் தறி உள்ள வீட்டில் பிறந்தவள், இப்போது துவாரகாவாசி. இழை விட்டிருக்கிறது என்று படித்ததும் கை பரபரக்கிறது.

சகோதரி, மயில்கழுத்தை முதலில் வெளியே எடுங்கள். ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. வளைந்து கொடுக்காது. மூன்று நாலு வருஷம் ஒரே மடிப்பில், அதுவும் மேலே பத்துப் புடவைக் கனத்தோடு கிடந்தால், மடிப்பில் இருக்கிற பட்டிழைதான் அடிபடும். தில்லிக் காற்றின் வறட்சி வேறு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். சாயம்போகாத பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, மூச்சு முட்டும். பாச்சா உருண்டையை ஜரிகைமேல் போடாதீர்கள், கறுத்துவிடும். சென்ட்டும் அப்படித்தான், புடவை கட்டுமுன் உடம்பில் அடித்துக் காயவிடுங்கள்.

விட்ட இடத்தை இப்போதே ஒரு நல்ல ரஃபூகாரரிடம் காட்டுங்கள். தில்லியில் அந்த வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீர்ச் சால்வையையே கிழிசல் தெரியாமல் பின்னுகிறவர்கள்.

அப்பா தறியில் ஒரு கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் நெய்வார்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், இரண்டையும் ஒவ்வொரு ஊடையிலும் கோத்து வாங்கணும். அதை வாங்கிப் பூட்டி வைக்கிறவர்களைக் கண்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். "நெஞ்சு வலிக்க நெய்யறது பீரோவுக்கா?" என்பார்.

லட்சுமி நகர் லட்சணம் | செவ்வாய், காலை 11:10

ஒரு நாள் பயணம் என்றதும் எல்லோரும் ஆக்ரா என்பார்கள். என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

போன வருஷம் ஜனவரி முதல் வாரம். கல்யாண நாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, தாஜ் மஹால் வெள்ளைக்கு முன்னால் ஜொலிக்கும் என்று ஒரு மாசமாக மனக்கணக்கு. ரயில் பனிமூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து மூணு மணிநேரம் தாமதம். போய்ச் சேர்ந்தால் தாஜ் மஹால் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை. போட்டோகிராபர் மட்டும் நம்பிக்கையோடு, "மேடம், கையை இப்படித் தூக்குங்கள், நுனியைப் பிடிக்கிற மாதிரி" என்கிறார். எந்த நுனியை? அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் புடவையில் ஒருத்தி மேகத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு மணிக்குப் பனி விலகியது, ஒரேயடியாக இல்லை. முதலில் கலசம், அப்புறம் குவிமாடம், கடைசியில்தான் கால். சாமிக்குத் திரை விலக்குகிற மாதிரி. இவர் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம்.

ஆகவே ஆக்ரா போகலாம், பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். நிஜாமுதீனிலிருந்து காலை 8:10-க்குக் கதிமான், ஒன்றே முக்கால் மணிநேரம்கூட ஆகாது, மாலையில் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை தாஜும் மூடல், கதிமானும் ஓடாது. நுழைவு 50 ரூபாய், உள்ளே சமாதிவரை போகணும் என்றால் மேலும் 200. திரும்பும்போது 'பேத்தா' மிட்டாய் வாங்காமல் வரமாட்டீர்கள். நம்மூரில் திருஷ்டி சுற்றி நடுத்தெருவில் உடைக்கிற பூசணிக்காயை இவர்கள் பாகில் போட்டுப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அதற்கே ஒரு கும்பிடு.

பறவைப் பைத்தியம் | செவ்வாய், இரவு 8:45

பட்டோடு சம்பந்தமில்லாத ஆள் நான். ஆனாலும் குளிர்கால வாரக் கடைசி என்றால் பரத்பூர் சொல்லாமல் இருக்க முடியாது. கேவலாதேவ் சரணாலயம், 1985-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே சைக்கிள் ரிக்‌ஷா. ஓட்டுகிறவருக்குப் பறவை பெயரெல்லாம் தண்ணீர் பட்டபாடு. எங்களை ஓட்டியவர் வண்டியை நிறுத்தாமலே இடதுபக்கம் கைகாட்டி, "ஆந்தை, தூங்குது, மெதுவா" என்றார். நான் பார்க்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. மகாராஜா காலத்தில் யார் யார் வந்து எத்தனை பறவை சுட்டார்கள் என்று பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்று ஒரே நாளில் 4,273. அவர்கள் வாரக் கடைசியைக் கழித்த லட்சணம். அதைப் படித்துவிட்டு, எதிரே தண்ணீரில் மஞ்சள்மூக்கு நாரை அமைதியாக மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புடவை கட்டிக்கொண்டு போவதென்றால் மங்கலான நிறமாகப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் வேண்டாம். பறவைகளுக்கும் ரசனை உண்டு, ஆனால் பயமும் உண்டு.

நொய்டா நாத்தனார் | செவ்வாய், இரவு 9:02

மங்கலான பட்டா! பிள்ளையார்பாளையம் அக்கா, பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று, ராஷ்டிரபதி பவன் தோட்டம். முகல் கார்டன் என்று இருந்ததுதான், 2023-இலிருந்து அம்ரித் உத்யான். பிப்ரவரியில் திறப்பார்கள், திங்கள் விடுமுறை, ஆன்லைனில் நேரம் பதிவு செய்யவேண்டும், காசு கிடையாது. டியூலிப் வரிசைக்குப் பக்கத்தில் எந்தப் பட்டும் எடுபடும். பணம் செலவில்லாத இடம் என்பதைத் தடித்த எழுத்தில் படிக்கவும், கணக்குப்பிள்ளை.

பூ: மல்லிக்கு இது காலமில்லை. மார்கழி தையில் மதுரையிலேயே கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது, தில்லிக்கு வருவதெங்கே. மயூர் விஹார்தானே, காசிப்பூர் பூச்சந்தை உங்களுக்குப் பக்கம். விடியற்காலை போனால் செவ்வந்தி, ரோஜா அள்ளிக்கொண்டு வரலாம். கொண்டையில் ஒற்றை ரோஜா வைத்துப் பாருங்கள். கோயில் வாசலில் மல்லி கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 11:48

எல்லோரும் என்னையே குறிவைக்கிறீர்கள். சரி, ஒன்று சொல்கிறேன், வீட்டில் யாரும் இந்தக் குழுவில் இல்லை என்ற தைரியத்தில்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் மெட்ரோ ஸ்டேஷன் வெளியே ஒரு கடாய்க்காரர். ஐம்பது ரூபாய்க்குச் சூடான ஜிலேபி. நின்றபடியே, கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பாகு வழிய வழியத் தின்கிறேன். ஆறு வருஷமாக. வீட்டில் சொன்னதில்லை. என் எக்செல் கணக்கில் இதற்கு ஒரு வரிசையும் இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதும் ஒரு காரணம்.

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து உறுத்துவது ஐம்பது ரூபாய் இல்லை. ஆறு வருஷமாகத் தனியாகத் தின்றிருக்கிறேன் என்பதுதான்.

ஆர்.கே.புரம் 1971 | வியாழன், காலை 6:10

இந்த வெள்ளிக்கிழமை அவளையும் அழைத்துப் போ, தம்பி. இரண்டு பேருமாக ஒரு பொட்டலம். சர்க்கரைக்கும் பாதிதான்.

மயூர்விஹார் மருமகள் | சனி, இரவு 8:30

போய் வந்துவிட்டேன்!

ஆக்ராவை பிப்ரவரிக்குத் தள்ளியாயிற்று. இன்றைக்குப் போனது பழைய தில்லி, தௌலத் கி சாட் சாப்பிட. சாப்பிடாதவர்களுக்கு: பாலைக் குளிர்ந்த ராத்திரியில் வைத்துக் கடைந்து, வருகிற நுரையை மட்டும் எடுத்து, குங்குமப்பூ, கோவா, சர்க்கரைப்பொடி தூவித் தருகிறார்கள். குளிர்காலத்தில் மட்டும்தான். வெயில் ஏறினால் நுரை படுத்துவிடும், அதனால் காலையிலேயே போகணும். வாயில் வைத்ததும் இருந்ததா இல்லையா என்றே தெரியாது. இவர், "காசு கொடுத்துக் காற்று வாங்கற மாதிரி இருக்கு" என்றார். ஆனால் மூன்று தொன்னை அவர்தான் சாப்பிட்டார்.

மயில்கழுத்து ரஃபூவுக்குப் போயிருக்கிறது. அதனால் கட்டியது பாலும் பழமும் கட்டம், உள்ளே தெர்மல், மேலே மாமியார் சால்வை. ஆமாம், புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, கணக்குப்பிள்ளை சார்! காசிப்பூருக்கு எழுந்திருக்க முடியவில்லை, பூ இல்லாமல்தான் போனேன். சாவ்ரி பஜார் ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் கூச்சம், அப்புறம் பழகிவிட்டது.

கினாரி பஜாரில்தான் வேடிக்கை. ஜரிகைக் கரையும் லேஸும் விற்கிற சந்து இல்லையா, ஒரு கடைக்காரர் பெரியவர் கூப்பிட்டு, "பேட்டி, பல்லுவைக் கொஞ்சம் காட்டு" என்றார். பல்லு என்றால் முந்தானை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முந்தானையின் பின்பக்கத்தைப் பார்த்தார், முன்பக்கத்தை இல்லை. "அசல். எந்த ஊர்?" காஞ்சிபுரம் என்றேன். பையனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார். "யார் கல்யாணத்துக்குப் போகிறாய்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "சாட் சாப்பிட வந்தோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலும் கடை மூடல் என்றார்கள், போகிறவர்கள் சனிக்கிழமை போங்கள்.

ஒரே ஒரு பிரச்சினை. கால் விறைத்துவிட்டது. செருப்பில் விரல் நுழைய வேண்டும், சாக்ஸ் போட்டால் நுழையாது. கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் போட்டேன், அது மெட்டியில் மாட்டி ஓட்டையாகிவிட்டது. மெட்டி போட்டவர்கள் குளிர்காலத்தில் என்ன செய்கிறீர்கள்?

பிள்ளையார்பாளையம் | சனி, இரவு 8:52

மெட்டிக்கு மேல் ஒரு சுற்று பருத்தித் துணி ஒட்டுநாடா, அதன்மேல் சாக்ஸ். பதினொரு வருஷமாக இதுதான். அந்தப் பெரியவர் பின்பக்கத்தைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 11:15

நேற்று வீட்டம்மாவை அழைத்துப் போனேன். கடாய்க்காரர் என்னைப் பார்த்ததும், "சார், இன்னிக்கு ரெண்டு தட்டா?" என்று கேட்டுவிட்டார். மாட்டிக்கொண்டேன். அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறாள்.